73-0க்குப் பிறகு வேல்ஸ் ரக்பி (டிசம்பர் 2025): கோச்சை மாத்தியாச்சு, ஓட்டை எங்கே?

#1 டச்லைன்

நவம்பர் 29, 2025. கார்டிஃப். தென் ஆப்பிரிக்கா 73, வேல்ஸ் 0. பதினொரு ட்ரை (எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தை வைப்பது, ஐந்து புள்ளி). வேல்ஸ் சொந்த மண்ணில் வாங்கிய மிகப் பெரிய அடி. இதற்கு முந்தைய சாதனைக்கு வயது எட்டே மாதம்: மார்ச் 15, இதே மைதானம், இங்கிலாந்து 68-14.

"கோச்சைத் தூக்கு" என்று எழுத வருபவர்கள் தயவுசெய்து வேறு இழைக்குப் போகவும். அது இரண்டு முறை செய்து பார்த்தாச்சு. 2022 டிசம்பரில் பிவாக் போனார், கேட்லண்ட் வந்தார். 2025 பிப்ரவரியில் ரோமில் இத்தாலியிடம் 22-15 தோற்றதும் கேட்லண்ட் போனார், ஷெரட் இடைக்காலமாக நின்றார். இப்போது டாண்டி. மூன்றே வருடத்தில் அந்த நாற்காலியில் நான்கு பேர்.

2023 உலகக் கோப்பை காலிறுதியில் அர்ஜென்டினாவிடம் விழுந்ததில் ஆரம்பித்து 2025 ஜூலை 5-இல் ஜப்பானிடம் 24-19 வரை தொடர்ச்சியாக 18 டெஸ்ட் (நாடுகளுக்கு இடையிலான ஆட்டம்) தோல்வி. 2024-இல் ஆடியது 11, ஜெயித்தது பூஜ்யம். 2025-இல் 11-க்கு 2, இரண்டுமே ஜப்பானுக்கு எதிராக.

எனக்கு எரிச்சல் தருவது ஸ்கோர் அல்ல, அது வரும் விதம்தான். 2024-இல் லண்டன் ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து ஒரு கட்டத்தில் 15-க்குப் பதில் 13 பேரோடு நின்றது. பாதி நேரத்தில் வேல்ஸ் 14-5 முன்னிலை. இரண்டாம் பாதியில் ஒரு புள்ளி கூட இல்லை, 16-14 தோல்வி. 2025 பிப்ரவரியில் அயர்லாந்துக்கு எதிராக 18-10 முன்னிலை, அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை, 27-18. ஜூலையில் கிட்டாக்யூஷூவில் பாதி நேரத்தில் 19-7, மறுபடி இரண்டாம் பாதி பூஜ்யம். கோச் இரண்டு பேர், வியாதி ஒன்று. 50-ஆவது நிமிடத்துக்குப் பிறகு இந்த அணிக்கு என்ன ஆகிறது? களத்தில் நடப்பதை வைத்துப் பேசுவோம்.

#2 முன்வரிசை_3

50-ஆவது நிமிடம் என்று சரியான இடத்தில் கை வைத்தீர்கள். முன்வரிசை மூவரும் மாறும் நேரம் அது. எல்லோரும் பந்து போகும் திசையைப் பார்க்கிறோம், ஆட்டம் தோற்பது ஸ்க்ரம்மில், அதாவது இரண்டு அணியின் எட்டு எட்டு ஃபார்வர்டுகள் தலை கோத்துப் பந்துக்காகத் தள்ளும் இடத்தில்.

முன்வரிசையில் இடது ஓரம் லூஸ்ஹெட் ப்ராப், நடுவில் ஹூக்கர், வலது ஓரம் டைட்ஹெட் ப்ராப், அதாவது 3-ஆம் எண். அவர் தலை எதிரணி லூஸ்ஹெட்டுக்கும் ஹூக்கருக்கும் நடுவில் போகிறது, இரண்டு தோளிலும் சுமை. லூஸ்ஹெட்டுக்கு ஒரு தோள்தான். அதனால் ஸ்க்ரம்மின் நங்கூரம் டைட்ஹெட். அவர் பின்வாங்கினால் மற்ற ஏழு பேரும் எவ்வளவு தள்ளியும் பயனில்லை, மொத்த ஸ்க்ரம்மும் அவரைச் சுற்றிச் சுழலும்.

வேல்ஸ் ஸ்க்ரம்மை ரீப்ளேயில் பார்க்கும்போது மூன்று தவறு திரும்பத் திரும்ப வருகிறது.

ஒன்று, ரெஃப்ரி "செட்" (மோது) சொல்வதற்கு முன் கால்கள் ரொம்பப் பின்னால் இருப்பது. முழங்கால் கிட்டத்தட்ட நேராக நீண்டுவிடும். அந்த நிலையில் முதல் அடியைத் தாங்கலாம், இரண்டாவது தள்ளு வரும்போது நீட்ட மிச்சம் எதுவும் இருக்காது. முழங்கால் செங்கோணத்துக்குச் சற்று மேல் மடிந்திருக்க வேண்டும், இடுப்பு தோளுக்கு மேலே போகவே கூடாது. இடுப்பு மேலே போன கணம் மார்பு கீழே போகும், அடுத்தது தரை.

இரண்டு, பைண்ட், அதாவது எதிரியைப் பிடிக்கும் பிடி. டைட்ஹெட்டின் வலது கை எதிரணி லூஸ்ஹெட்டின் முதுகிலோ பக்கவாட்டிலோ ஜெர்ஸியை நீளமாகப் பிடிக்க வேண்டும். எதிரி மார்புக்கு அடியில் நுழைந்தால் முழங்கை தொங்கிவிடும், பிடி கைக்கோ காலருக்கோ நழுவும். ரெஃப்ரி அந்தப் பக்கம் நின்றால் அது உடனே பெனால்டி.

மூன்றாவதுதான் பலருக்குத் தெரியாது: ஃபிளாங்கர், ஸ்க்ரம்மின் பக்கவாட்டில் ஒட்டி நிற்பவர். டைட்ஹெட்டின் இடுப்பை உள்பக்கமாக அழுத்தி நேராக வைப்பது அந்தப் பக்க ஃபிளாங்கரின் தோள். பந்து வெளியே வரும் முன்பே டாக்கிளுக்கு (பந்து வைத்திருப்பவரை மடக்கி வீழ்த்த) ஓட நினைத்து அவர் அரை நொடி முன்னால் தலையைத் தூக்கினால் ப்ராப் வெளியே வளைந்துவிடுவார். டிவியில் "டைட்ஹெட் மோசம்" என்பார்கள். குற்றவாளி 7-ஆம் எண்.

இப்போது கணக்குப் பாருங்கள். ஒரு ஸ்க்ரம் பெனால்டி, டச்சுக்கு (பக்கக் கோட்டுக்கு வெளியே) உதை, 5 மீட்டரில் லைன் அவுட் (வெளியே போன பந்தை இரு வரிசைக்கும் நடுவில் எறிவது), மோல் (பந்து வைத்திருப்பவரைச் சுற்றிக் கூட்டமாக நின்றே தள்ளுவது), ட்ரை, கன்வர்ஷன் (ட்ரைக்குப் பின் இரண்டு புள்ளி உதை). எதிரணி ஒரு பாஸ் கூட ஒழுங்காகப் போடாமல் ஏழு புள்ளி.

தென் ஆப்பிரிக்கா எட்டு மாற்று வீரர்களில் 6-2, சில நாள் 7-1 என்று பெஞ்சில் ஃபார்வர்டுகளை அடுக்குவது எதற்கு? 45-ஆவது நிமிடத்தில் முன்வரிசை மூன்றையும் ஒரேயடியாக மாற்றத்தான். அவர்களுடைய இரண்டாவது மூவர் முதல் மூவருக்குச் சமம். வேல்ஸின் முதல் டைட்ஹெட்டுக்கும் இரண்டாமவருக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. #1-இல் சொன்ன மூன்று ஆட்டத்துக்கும் என் பதில் அதுதான்.

#3 கணக்குப்பிள்ளை

கிட்டாக்யூஷூ ஆட்டத்தை இதில் சேர்க்காதீர்கள். ஜூலை, தெற்கு ஜப்பான், வெயில், ஈரப்பதம். அங்கே தோற்றது நுரையீரல், முன்வரிசை அல்ல. மற்ற இரண்டுக்கும் ஒப்புக்கொள்கிறேன்.

#4 யாழ்விங்

நீங்கள் எல்லாரும் ஸ்க்ரம்மிலேயே நிண்டு கதைக்கிறியள். ஸ்க்ரம் ஒரு ஆட்டத்திலை பத்துப் பன்னிரண்டு தரம் வரும். சொந்த 22 மீட்டர் கோட்டுக்குள்ளை இருந்து வெளியேறுற உதை அதைவிடக் கூட வரும். வேல்ஸ் அணிக்கு வெளியேறத் தெரியேல்லை எண்டுதான் நான் சொல்லுவன்.

பாக்ஸ் கிக், அதாவது ரக்குக்குப் பின்னாலை நிண்டு 9-ஆம் எண் உயர உதைக்கிறது, எப்பிடிச் செய்யவேணும்? கிக் ஆஃப் பந்தைப் பிடிச்ச பிறகு ஒரு கேரி (பந்தோடை முட்டி ஓடுறது), தேவையெண்டால் இரண்டு. ரக் (விழுந்த ஆளின்ரை பந்துக்கு மேலை ரெண்டு பக்கமும் தள்ளுற குவியல்) டச் கோட்டிலை இருந்து 10-15 மீட்டருக்குள்ளை விழவேணும். நடுமைதானத்திலை விழுந்தால் கோணம் போச்சு. ரக்குக்குப் பின்னாலை ஆக்கள் வரிசையாய்ச் சேர்ந்து கம்பளிப்பூச்சி மாதிரி நீளுறது 9-ஆம் எண்ணுக்கு இடம் எடுக்க. ரெஃப்ரி "யூஸ் இட்" எண்டால் 5 செக்கன். பந்து 25 முதல் 30 மீட்டர் போய், குறைஞ்சது 4 செக்கன் ஆகாயத்திலை நிக்கவேணும். நல்ல விங்கர் ஒருத்தர் அந்த 4 செக்கனிலை அவ்வளவு தூரம் ஓடி வந்து சேர்ந்திடுவார். பந்தும் ஆளும் ஒரே நேரத்திலை.

பிழைக்கிற இடம் எது? உதை 35-40 மீட்டர் போகுது, ஆனால் தட்டையாய்ப் போகுது. பார்க்க நல்ல தூரம். எதிரணி ஃபுல் பேக் தனியாய் நிண்டு பிடிச்சு, தலை நிமிர்த்திப் பார்த்து, திருப்பி அடிக்கிறார். துரத்திப் போன வரிசை உடைஞ்சு கிடக்கும். இரண்டு ஃபேஸிலை (ஒரு ரக்கிலை இருந்து அடுத்த ரக் வரை ஒரு ஃபேஸ்) மறுபடி உங்கடை 22.

2024 நவம்பரிலை இருந்து ரெஃப்ரிமார் இன்னொண்டையும் இறுக்கிப் பிடிக்கினம். முந்தி பந்தைப் பிடிக்கப் போறவருக்கு முன்னாலை நாலு பேர் மதில் மாதிரி ஓடி, துரத்தி வாறவனை மறைப்பினம். இப்ப அதுக்குப் பெனால்டி. அதாலை உயரப் பந்து எல்லாம் உண்மையான போட்டியாய்ப் போச்சுது, பாதிக்குப் பாதி பந்து தட்டுப்பட்டு கீழை விழுது. அப்ப முக்கியம் என்ன? பந்து விழுற இடத்தைச் சுத்தி 5 மீட்டருக்குள்ளை உங்கடை ஆக்கள் மூண்டு பேராவது நிக்கிறது. வேல்ஸிலை பாய்ஞ்சு பிடிக்கிறவர் ஒருத்தர் போவார். சிதறின பந்தைப் பொறுக்க ஆளே இராது.

ரோமிலை மழை. பாதி நேரத்திலை இத்தாலி 16-3. அண்டைக்கு ட்ரை எப்பிடி வந்தது? கார்பிசி பின்னாலை வெறும் இடத்துக்கு உதைச்சார், கபுவோசோ ஓடிப்போய் எடுத்தார். பின்வரிசையிலை அந்த இடத்தை மூடவேண்டிய ஆள் மூடேல்லை. ஈரப்பந்து நாளிலை உதையாலை தோத்த அணி அது.

#5 மதுரை மோல்

யாழ்விங் அண்ணே சொன்னது சரி. ஆனா உதை சரியாப் போய் டச்சுல விழுந்தாலும் பிரச்சனை தீரலையே, அடுத்து லைன் அவுட் வருது, மோல் வருது. எதிரணி மோலை நிறுத்துறதுல வேல்ஸ் பண்றது பாவம்.

2024 நவம்பர், ஆஸ்திரேலியா கார்டிஃப்ல 52-20. அவங்க ஹூக்கர் மாட் ஃபெஸ்லர் மூணு ட்ரை. ஹூக்கர் ஹாட்ரிக் அடிச்சா அன்னைக்கு மோல் கதவு திறந்து கிடந்துச்சுன்னு அர்த்தம். அதுலயும் இரண்டாம் பாதியில ஆஸ்திரேலியாவுக்கு 20 நிமிஷ ரெட் கார்டு வேற, கெரெவி வெளியே.

சொந்த 5 மீட்டர்ல எதிரணி த்ரோன்னா ரெண்டே வழி. ஒண்ணு, எகிறிப் பந்துக்குப் போட்டி போடணும். இல்லன்னா யாரையும் தூக்காம எட்டுப் பேரும் தரையிலயே நின்னு மோலுக்குத் தயாராகணும். ரெண்டுக்கும் நடுவுல தயங்கினா செத்தோம்.

தரையில நிக்கிறதுன்னு முடிவெடுத்தா:

பந்து பிடிச்சவர் கால் தரையைத் தொடுற அதே நொடியில அவரையும் முன்னால தூக்கினவரையும் சேர்க்கிற இடுக்குல மோதணும். ஆள் மேல இல்ல, அந்த இடுக்குல. பந்து இன்னும் முன்னாடியே இருக்கும்போது பிளந்தாத்தான் மோல் உருவாகாது. பந்து ஒரு கை மாறி பின்னால போயிட்டா கதை முடிஞ்சுது, இனி ஒவ்வொரு மீட்டரும் அவங்களுக்கு.

முதல் ரெண்டு பேர் தாழ்வாப் போகணும், தோள் எதிரி இடுப்புக்குக் கீழ. மூணாவது ஆள் பின்னால இருந்து நேரா வந்து சேரணும். இங்கதான் வேல்ஸ் பசங்க அவசரத்துல பக்கவாட்டுல நுழைவாங்க. பெனால்டி. மறுபடி அதே லைன் அவுட். மூணாவது தடவை இழுத்துத் தள்ளுவாங்க, மஞ்சள் கார்டு. ட்ரை கண்டிப்பா விழுந்திருக்கும்னு ரெஃப்ரி நினைச்சா பெனால்டி ட்ரையும் சேர்த்து. அப்ப 14 பேரோட அடுத்த பத்து நிமிஷம்.

சொந்த த்ரோவும் சுமார்தான். 2023-ல அலுன் வின் ஜோன்ஸ் ஓய்வு. வேல்ஸுக்கு மட்டும் 158 டெஸ்ட். எதிரணி எங்க ஆள் நிறுத்துதுன்னு பார்த்து கடைசி நொடியில யாருக்கு எறியணும்னு மாத்திச் சொல்ற மூளை அது. ஆடம் பியர்ட் இருக்கார், 2025-ல இருந்து அவர் கிளப் பிரான்ஸ்ல. லைன் அவுட் அமைக்க இப்ப 30 நொடிதான். யோசிச்சுக்கிட்டு நிக்க முடியாது.

#6 புதுசு_2023

2023 உலகக் கோப்பைதான் நான் பார்த்த முதல் ரக்பி தொடர். ஒரு சந்தேகம். லியோனில் ஆஸ்திரேலியாவை 40-6 அடித்த அணிதானே இது? குரூப்பில் நான்குக்கு நான்கு ஜெயித்தார்கள். இரண்டே வருடத்தில் எப்படி இப்படி ஆகும்? ஆட்களை மாற்றி ஆடவைத்தால் போதாதா?

#7 கணக்குப்பிள்ளை

அந்த அணி இப்போது இல்லை, தம்பி. 2023-லிருந்து வரிசையாகப் போனவர்களை எண்ணுங்கள்: அலுன் வின் ஜோன்ஸ், டிப்யூரிக், கென் ஓவன்ஸ், ரிஸ் வெப், பிகர், ஹாஃப்பென்னி, 2024 மார்ச்சில் ஜார்ஜ் நார்த். இதற்கு நடுவில் 2024 ஜனவரியில் ரீஸ்-ஸாமிட் அமெரிக்கக் கால்பந்து ஆடக் கிளம்பினார், 2025-இல்தான் திரும்பி பிரிஸ்டலில் சேர்ந்தார். 2024 சிக்ஸ் நேஷன்ஸில் (ஐரோப்பாவின் ஆறு நாட்டு வருடாந்திரத் தொடர்) கேப்டன் டாஃபிட் ஜென்கின்ஸுக்கு வயது 21.

ஓய்வு எல்லா நாட்டிலும் நடக்கும். பத்துப் பேர் போவதற்கு மூன்று வருடம் முன்பே அடுத்த பத்துப் பேருக்கு 10-15 டெஸ்ட் கொடுத்து வைக்கிறார்கள். வேல்ஸ் கொடுக்கவில்லை, எல்லோரும் ஒரே வாசல் வழியாக ஒரே வருடத்தில் வெளியேறினார்கள்.

இன்னொன்று. 40-6 ஒரு திரை. அன்று எதிரே நின்ற ஆஸ்திரேலியா வரலாற்றிலேயே முதல் முறையாகக் குரூப்பில் வெளியேறிய அணி. அதற்கு முன் வருடமே எச்சரிக்கை மணி அடித்தது: 2022 மார்ச்சில் கார்டிஃபில் இத்தாலியிடம் 22-21, நவம்பரில் அதே கார்டிஃபில் ஜார்ஜியாவிடம் 13-12. கேட்லண்ட் இரண்டாவது முறை வந்து 26 டெஸ்டில் ஜெயித்தது 6. அதில் நான்கு அந்த உலகக் கோப்பை குரூப்பில். மீதி 22 ஆட்டத்தில் இரண்டு.

#8 டச்லைன்

கேட்லண்ட் மேல் எனக்கும் கோபம் உண்டு, ஆனால் 2008, 2012, 2019 மூன்று கிராண்ட் ஸ்லாமும் (சிக்ஸ் நேஷன்ஸில் ஐந்துக்கு ஐந்து வெற்றி) அவர் காலத்தில்தான். இரண்டாவது முறை அவர் கையில் இருந்தது வேறு சரக்கு.

ஆட்டத்தை நடத்தும் 10-ஆம் எண்ணைப் பற்றி யாரும் பேசவில்லையே? பிகர் போனபின் 2024 தொடக்கத்திலிருந்து 2025 நவம்பர் வரை அந்த இடத்தில் தொடங்கியவர்கள் குறைந்தது ஐந்து பேர்: கொஸ்டெலோ, அயன் லாய்ட், ஆன்ஸ்கூம், பென் தாமஸ், டான் எட்வர்ட்ஸ். இதில் பென் தாமஸ் இயல்பில் சென்டர். 2025 சிக்ஸ் நேஷன்ஸை அவரை 10-இல் வைத்துத் தொடங்கினார்கள், பாரிஸில் 43-0.

9-க்கும் 10-க்கும் பழக்கம் வர ஒரு முழு சீசன் வேண்டும். பாஸ் எந்த உயரத்தில் வரும், ரக்கிலிருந்து எத்தனை மீட்டர் ஆழத்தில் நிற்பது, எந்தக் கண் ஜாடைக்கு உதை, எதற்குக் கை. ஐந்து பேரை மாற்றினால் ஒவ்வொரு முறையும் முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறீர்கள். பதற்றத்தில் 10 ஒரு அடி பின்னால் நிற்பார், சென்டர் நின்ற இடத்தில் பந்து வாங்குவார், முன்கோட்டுக்கு இரண்டு மீட்டர் பின்னாலேயே டாக்கிள். ரக் மெதுவாக வரும். பிறகு யாழ்விங் சொன்ன தட்டையான உதைதான் மிச்சம்.

எட்வர்ட்ஸை நவம்பரில் தொடர்ந்து வைத்தது நல்ல முடிவு. மோசமாக ஆடினாலும் வைத்திருக்க வேண்டும்.

#9 ஓஸ்ப்ரே_வெறியன்

எல்லாரும் டெக்னிக் பேசுறீங்க. காசு பேசுங்க! 2024-25-ல ஒரு வேல்ஸ் தொழில்முறை அணிக்கு வீரர்கள் சம்பள பட்ஜெட் 45 லட்சம் பவுண்டு. இங்கிலாந்து லீக்ல சம்பள வரம்பு 64 லட்சம். பிரான்ஸ்ல 1 கோடியே 7 லட்சம் யூரோ. 2025 ஏப்ரல்ல கார்டிஃப் கிளப் திவாலாகி வேல்ஸ் ரக்பி யூனியனே எடுத்துக்கிச்சு. இப்ப நாலு அணியை (கார்டிஃப், டிராகன்ஸ், ஓஸ்ப்ரேஸ், ஸ்கார்லெட்ஸ்) மூணாக்கப் போறாங்களாம். மோல் எப்படி நிறுத்தணும்னு இவங்களுக்குத் தெரியாதா என்ன? நிறுத்துற ஆளை வச்சுக்கக் காசில்ல.

#10 முன்வரிசை_3

காசு சரி. ஆனால் மூன்று அணி என்ற முடிவை ஆதரிப்பவர்கள் ஒரு கணக்கை மறக்கிறார்கள்.

வேல்ஸ் அணிகள் ஆடும் யூஆர்சி லீக்கில் ஓர் அணிக்கு 18 லீக் ஆட்டம். ஓர் அணியை மூடினால் டைட்ஹெட் இடத்தில் மட்டும் வருடத்துக்கு 18 × 80, அதாவது 1,440 நிமிடம் காணாமல் போகிறது. ஏற்கெனவே சில அணிகளில் அந்த இடத்தில் வெளிநாட்டு வீரர். டைட்ஹெட் முதிர்வது பெரும்பாலும் 26 வயதுக்கு மேல்தான். 20 வயதில் ஜிம்மில் 120 கிலோ தூக்கலாம், ஆனால் ஸ்க்ரம்மில் எதிரி எந்தப் பக்கம் நெளிகிறான் என்று கழுத்துக்குத் தெரிய ஆயிரக்கணக்கான ஸ்க்ரம் வேண்டும். அந்த அனுபவம் ஆட்டத்தில்தான் கிடைக்கும்.

2024-இல் பத்துக் கிளப்போடு சூப்பர் ரக்பி கம்ரி என்ற உள்நாட்டு லீக்கைத் தொடங்கினார்களே, அதை இதற்குப் பயன்படுத்தலாம். ஆனால் அது பகுதி நேரத் தொழில்முறை. அங்கே ஜெயிக்கும் ப்ராப்பை நேராக ட்விக்கன்ஹாமுக்கு அனுப்பினால் அடுத்த நாள் அவர் கழுத்தைத் திருப்ப முடியாது.

#11 கணக்குப்பிள்ளை

எதிர்க்கிறேன். 45 லட்சத்தை நாலால் பெருக்கினால் 1 கோடியே 80 லட்சம் பவுண்டு. அதே பணத்தை மூன்றாகப் பிரித்தால் ஆளுக்கு 60 லட்சம், கிட்டத்தட்ட இங்கிலாந்து வரம்பு. அயர்லாந்து நான்கு மாகாணம் நடத்துகிறது, அவர்களிடம் பணமும் மத்திய ஒப்பந்தமும் இருக்கிறது. ஸ்காட்லாந்து இரண்டே இரண்டு அணியோடு நவம்பர் தோறும் பெரிய அணிகளை மிரட்டுகிறது. சுமார் 31 லட்சம் மக்கள் உள்ள நாட்டுக்கு நான்கு அணியை இருபது வருடத்துக்கும் மேலாக இழுத்ததில் நான்குமே மெலிந்து போயின. 2003-இல் ஐந்தாகத் தொடங்கினார்கள், மறு வருடமே செல்டிக் வாரியர்ஸை மூடினார்கள். அன்றைக்கே கணக்கு உதைத்தது.

1,440 நிமிடத்தில் தோற்றுக்கொண்டே இருக்கும் டைட்ஹெட்டைவிட, 700 நிமிடம் நல்ல லாக்குக்கு (ப்ராப்புக்குப் பின்னால் நின்று தள்ளும் இரண்டாம் வரிசைக்காரர்) முன்னால் நிற்கும் டைட்ஹெட் மேல்.

#12 முன்வரிசை_3

ஸ்காட்லாந்தின் இரண்டு அணி உதாரணத்தை எடுத்ததற்கு நன்றி. அவர்களுடைய தேசிய அணியில் பாட்டன் வழியிலும் குடியேற்ற வழியிலும் தகுதி பெற்ற வீரர்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள், குறிப்பாக முன்வரிசையில். இரண்டு அணி போதவில்லை என்பதால்தான் வெளியே தேடுகிறார்கள்.

#13 யாழ்விங்

வேல்ஸும் வெளியிலை தேடலாம்தான், ஆனால் கையிலை இருக்கிறவையையே விட்டிட்டு நிக்கினம். விங்கர் ஃபேயி-வபோசோ கார்டிஃபிலை பிறந்த பொடியன். 2024 பிப்ரவரியிலை இங்கிலாந்து சட்டை போட்டார். பதினெட்டு வயதிலை இங்கிலாந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கத்தைய கிளப்புக்கும் போற பொடியள், அங்கை கோச்மார் பிடிச்சு வைச்சிருப்பினம்.

அதோடை 25 கேப் விதி. வெளிநாட்டுக் கிளப்பிலை ஆடிக்கொண்டு வேல்ஸுக்கும் ஆடவேணுமெண்டால் பொதுவாய் 25 டெஸ்ட் ஆடியிருக்கவேணும். முந்தி 60. 2023-லை வீரர்கள் வேலைநிறுத்தம் செய்வமெண்டு நிண்ட நேரம்தான் 25 ஆச்சுது. சம்பளம் குறைஞ்ச இடத்திலை அந்த விதி ஆளைக் கட்டி வைக்காது, துரத்தித்தான் விடும்.

73-0 பற்றியும் ஒரு சொல்லு. அந்தத் திகதி சர்வதேச ஜன்னலுக்கு (கிளப்புகள் ஆளை விடவேண்டிய நாட்களுக்கு) வெளியிலை. இங்கிலாந்து, பிரான்ஸ் கிளப்புகள் ஆளை விடத் தேவையில்லை. வேல்ஸுக்குப் பதின்மூண்டு பேர் இல்லை: ஜென்கின்ஸ், ரீஸ்-ஸாமிட், டோமோஸ் வில்லியம்ஸ், ஜாரட் எவன்ஸ் எண்டு பெரிய ஆக்கள். ஜாக் மோர்கன் முதல் ஆட்டத்திலை அர்ஜென்டினாவுக்கு எதிராய் ட்ரை வைச்ச அந்த நேரமே தோள் விலகிப் போனார். டிக்கெட் காசுக்காக நாலாவது ஆட்டம் வைச்சவை, உலக சாம்பியனுக்கு முன்னாலை மூண்டாம் தர வரிசையை நிறுத்தினவை. இதுக்கு டாண்டி என்ன செய்வார்?

#14 மதுரை மோல்

தென் ஆப்பிரிக்காவுக்கும் வெளிநாட்டுல ஆடுற ஆளுங்க கொஞ்சம் பேர் வரலையேண்ணே. அவங்களும் ஆள் குறைஞ்சுதான் 73 அடிச்சாங்க, நம்மளோடது பூஜ்யம். ஃபெயின்பெர்க்-ம்ங்கோமெசுலு ஒருத்தரே 28 புள்ளி. கடைசில எட்செபெத் கண்ணுல விரல் வச்சு ரெட் கார்டு வாங்கினது ஒண்ணுதான் அவங்களுக்கு அன்னைக்கு நடந்த கெட்டது.

ஜன்னலுக்கு வெளிய ஆடக்கூடாதுங்கறது சரி. அத மட்டும் காரணமாச் சொல்லி தப்பிக்க முடியாது.

#15 புதுசு_2023

டாண்டி டிஃபென்ஸ் கோச் என்று படித்தேன். அப்படியானால் நான்கு ஆட்டத்தில் இவ்வளவு எப்படி விட்டார்கள்?

#16 டச்லைன்

நல்ல கேள்வி, சங்கடமான கேள்வி. அர்ஜென்டினா 52, ஜப்பான் 23, நியூசிலாந்து 52, தென் ஆப்பிரிக்கா 73. கூட்டினால் சரியாக 200. ஆட்டத்துக்கு 50. 2018 வரை ஓஸ்ப்ரேஸ் தலைமைக் கோச்சாக இருந்தவர், பிறகு 2019 கடைசியிலிருந்து ஸ்காட்லாந்தின் டிஃபென்ஸைக் கட்டியவர், 2021 லயன்ஸிலும் (பிரிட்டன், அயர்லாந்து கூட்டணி அணி) அதே வேலை. அவர் கையில்தான் இந்த 200.

அவர் வைக்க நினைப்பது வேகமாக முன்னேறும் வரிசை. ரக் முடிந்ததும் எல்லோரும் ஒன்றாக நேராக ஏற வேண்டும், வெளிப்பக்கம் நிற்பவர் சற்று முன்னதாக உள்நோக்கி வந்து எதிரணியின் அகலப் பாஸை மறிக்க வேண்டும். இது வேலை செய்ய ரக்கின் இரண்டு பக்கமும் முதல் மூன்று பேர் பந்து வெளிவரும் முன் நின்றாக வேண்டும். வேல்ஸில் ஃபார்வர்ட் ஒருவர் டாக்கிள் செய்துவிட்டு எழ இரண்டு மூன்று நொடி எடுத்தால், மறுபக்கம் ஓடிப்போய் நிற்க ஆள் குறையும். உள்ளே ஒரு ஆள் குறைந்தால் 12-ஆம் எண் உள்ளே இழுக்கப்படுவார், விங்கர் தனியாக மேலே ஏறிவிட்டிருப்பார், அவருக்குப் பின்னால் முழு மைதானம். நியூசிலாந்து ஆட்டத்தில் டாம் ரோஜர்ஸ் மூன்று ட்ரை அடித்தார். அவர்களுக்கு எதிராக ஒரு வேல்ஸ் வீரர் ஹாட்ரிக் அடித்தது அதுவே முதல் தடவை. அப்படியும் 52 வாங்கினோம். அட்டாக்கில் உயிர் இருக்கிறது. நிற்கும் கால்தான் இல்லை.

இந்த முறையைப் பாதியில் விட்டு, பின்வாங்கி நழுவிக் காக்கும் முறைக்குப் போகக்கூடாது. கற்கும் காலத்தில் ஸ்கோர் அசிங்கமாகத்தான் இருக்கும்.

#17 ஓஸ்ப்ரே_வெறியன்

2025 லயன்ஸ் அணியில 38 பேர் அறிவிச்சதுல வேல்ஸ் ஆளு ரெண்டு. முதல் டெஸ்ட்ல 23 பேர்லயும் ஒருத்தர் கூட இல்ல, 1896-க்கு அப்புறம் முதல் தடவை. மெல்போர்ன்ல ரெண்டாவது டெஸ்ட்ல மோர்கன் உள்ள வந்து, கடைசி ட்ரைக்கு ரக்ல ஆளைத் துடைச்சு எடுத்தது அவர்தான். அந்த மோர்கன் ஓஸ்ப்ரேஸ் ஆளு. மூடப்போறது எந்த அணின்னு பேசிக்கிறாங்கன்னு உங்களுக்கே தெரியும். நான் அமைதியாத்தான் இருக்கேன்.

#18 கணக்குப்பிள்ளை

யூனியன் அறிவிப்பில் இருப்பது கார்டிஃபுக்கு ஒன்று, கிழக்குக்கு ஒன்று, மேற்குக்கு ஒன்று. கிழக்கில் டிராகன்ஸ் மட்டும்தான். ஆக மேற்கில் ஓஸ்ப்ரேஸா ஸ்கார்லெட்ஸா என்பதே கேள்வி. உங்கள் கோபம் நியாயம்தான். மூன்று என்பது சரி என்ற என் கருத்தும் மாறவில்லை. ஆனால் எந்த அணி என்பதை இழுத்துக்கொண்டே போவது எல்லாவற்றையும்விடக் கெடுதல். ஒப்பந்தம் முடியும் வீரரின் ஏஜென்ட் அதற்குள் இங்கிலாந்துக் கிளப் குளோஸ்டருக்கு போன் போட்டிருப்பார்.

#19 டச்லைன்

டிசம்பர் 3-இல் 2027 உலகக் கோப்பை குரூப் வந்துவிட்டது: இங்கிலாந்து, வேல்ஸ், டோங்கா, ஜிம்பாப்வே. ஜப்பானை 24-23 என்று கடைசி பெனால்டியில் ஜாரட் எவன்ஸ் காப்பாற்றியிராவிட்டால் குலுக்கலுக்குத் தரவரிசைப்படி அணிகளைப் பிரிக்கும்போது இரண்டாவது கூடை கூடக் கிடைத்திருக்காது. 24 அணி, ஆறு குரூப், மூன்றாம் இடத்திலும் சிறந்த நால்வர் அடுத்த சுற்றுக்குப் போவார்கள். குரூப்பைத் தாண்டிவிடலாம் என்றுதான் நினைக்கிறேன், டோங்கா முன்வரிசையைப் பார்க்கும்வரை.

அதற்கு முன் 2026 பிப்ரவரி 7, ட்விக்கன்ஹாமில் இங்கிலாந்து. ஸ்கோரை விடுங்கள். எதைப் பார்க்கப் போகிறீர்கள்? ஆளுக்கு ஒன்று சொல்லுங்கள்.

#20 முன்வரிசை_3

முதல் இரண்டு ஸ்க்ரம். அதில் ரெஃப்ரி ஒரு முடிவுக்கு வந்துவிடுவார், பிறகு 80 நிமிடமும் அதே கண்ணோடுதான் பார்ப்பார். "செட்" சொல்லும்போது நம் டைட்ஹெட்டின் இடுப்பு எங்கே இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். அடுத்தது, அவருக்கு மாற்று எந்த நிமிடத்தில் வருகிறார் என்பது. 48-இல் மாற்றினால் பயம். 58 வரை வைத்திருந்தால் நம்பிக்கை, அல்லது வேறு ஆளில்லை.

#21 யாழ்விங்

முதல் மூண்டு பாக்ஸ் கிக். ஆகாயத்திலை எத்தனை செக்கன் எண்டு ஃபோனிலை எண்ணுங்கோ. நாலுக்குக் கீழை எண்டால் டிவியை நிப்பாட்டலாம்.

#22 மதுரை மோல்

சொந்த 5 மீட்டர்ல முதல் மோல். எகிறுறாங்களா, நிக்கிறாங்களா. ரெண்டுல எதுன்னாலும் சரி, எட்டுப் பேரும் ஒரே முடிவுல இருக்காங்களான்னு.

#23 கணக்குப்பிள்ளை

பெனால்டி எண்ணிக்கை. பத்துக்குள் இருந்தால் ஆட்டத்தில் இருப்போம். பதின்மூன்று போனால் மேலே நீங்கள் மூவரும் சொன்னது எதையும் பார்க்க வேண்டிய தேவை இருக்காது.